காலில் சிலந்தி நரம்புகளா? டாப்ளர் ஸ்கேன் எடுக்காத இடத்தில் பணம் கட்டாதீர்கள்

மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் பல ஆண்டுகளாக நின்றபடியே வேலை பார்க்கும் என் அக்காவுக்கு, இரண்டாவது பிரசவத்துக்குப் பின் தொடையிலும் கணுக்காலின் உட்புறத்திலும் சிவப்பும் நீலமுமாக மெல்லிய கோடுகள் படர்ந்தன. மாலையானால் கால் கனத்து வீங்கும். (கடைப் பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டுமென்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தும், அக்காவின் தளத்தில் இன்னும் ஒரு முக்காலிகூடப் போடப்படவில்லை.) விளம்பரத்தைப் பார்த்து அவர் சென்ற அழகியல் சிகிச்சை மையம் அவரை நடத்திய விதம் வேறு யாருக்கும் நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அங்கே அக்காவிடம் பேசியவர் மருத்துவர் அல்லர். ‘ஆலோசகர்’ என்ற பெயரில் அமர்ந்திருந்த விற்பனைப் பணியாளர். மாலையில் வீக்கம் உண்டா, வீட்டில் யாருக்கேனும் வெரிகோஸ் (காலில் புடைத்துச் சுருண்ட நரம்புகள்) உண்டா, காலில் எப்போதாவது இரத்தம் உறைந்ததுண்டா என்று ஒரு கேள்விகூட அவர் கேட்கவில்லை. எல்லாக் கோடுகளும் மறையும், வாழ்நாளில் திரும்பாது என்று உறுதியளித்து, அன்றே கட்டினால் தள்ளுபடி என அவசரப்படுத்தி, முழுத் தொகையையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள்.

அந்த உறுதிமொழியே தவறானது. சிலந்தி நரம்புகள் என்பவை தோலுக்குள் விரிந்துபோன, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அகலமுள்ள நுண்ணிய இரத்தக்குழாய்கள். சிகிச்சையில் இருப்பவை மறைந்தாலும், பரம்பரையும் ஹார்மோன் மாற்றமும் நெடுநேரம் நிற்பதும் தொடரும்வரை புதியவை தோன்றக்கூடும். பலருக்கு இவை தோற்றத்தைத் தவிர வேறெந்தத் தொல்லையும் தருவதில்லை. ஆனால் வீக்கமும் கனமும் சேர்ந்திருந்தாலோ, கணுக்காலின் உட்புறத்தில் விசிறிபோல் படர்ந்திருந்தாலோ, பெரிய சிரை (இதயத்துக்கு இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுசெல்லும் குழாய்) ஒன்றின் வால்வு பழுதாகி, மேலே ஏற வேண்டிய இரத்தம் கீழே திரும்புகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். ஊசியோ கீறலோ இல்லாமல், ஒலியலைகளால் இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் அதைக் காட்டிவிடும். அந்த மையத்தில் அந்தப் பேச்சே எழவில்லை.

கோடுகளை அழிக்க அவர்கள் பயன்படுத்திய லேசரின் அலைநீளம் என்ன என்று நான் கேட்டதற்கும் பதில் கிடைக்கவில்லை. நம் தோலில் மெலனின் அதிகம் என்பதால், குறைந்த அலைநீள ஒளியை இரத்தத்துக்கு முன்பே தோல் உறிஞ்சிக்கொண்டு வெந்துவிடும். அதனால்தான் மாநிறமும் கருநிறமும் உள்ளவர்களுக்கு 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசரை, மேல்தோலைக் குளிர்வித்தபடி, பயிற்சி பெற்ற மருத்துவரே கையாள வேண்டும். அக்காவுக்குத் தொடையில் கொப்புளங்கள் எழுந்து, ஆறிய இடமெல்லாம் வரிவரியாகக் கறுத்துப்போனது. கோடுகளோ அப்படியே இருந்தன. அடுத்த அமர்வில் சரியாகும் என்றார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது ரசீதின் பின்புறத்துப் பொடி எழுத்தைக் காட்டினார்கள்.

பிறகு பார்த்த இரத்தநாள அறுவை மருத்துவர், அக்காவை நிற்கவைத்து ஸ்கேன் எடுத்தார். தொடையின் உட்புறமாக ஓடும் பெரிய சிரையில் இரத்தம் பின்னோக்கிப் பாய்வது தெரிந்தது. அதைச் சரிசெய்யாமல் மேலே உள்ள கோடுகளை மட்டும் அழித்தால் அவை மீண்டும் வரும் என்றும், அதைச் சரிசெய்த பின்னரே மெல்லிய ஊசியால் பாலிடோகனால் போன்ற மருந்தைச் செலுத்தி மூடும் ஸ்கிளிரோதெரபி பொருந்தும் என்றும் விளக்கினார். பல வார இடைவெளியில் சில அமர்வுகள் தேவைப்படலாம், அழுத்தக் காலுறை அணிய வேண்டும், பழுப்புக் கறை சில மாதங்கள் நிற்கலாம், கர்ப்பிணிகளுக்கு இது செய்வதில்லை என்பதையெல்லாம் கட்டணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே சொன்னார்.

நாங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் அளித்திருக்கிறோம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பாதிப்பு நேர்ந்த 2 ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும்; செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதானால் கட்டணம் கிடையாது. வழிகாட்டுதலுக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் அழைக்கலாம். இதுபோல் ஏமாந்தவர்கள் ரசீதையும், வாட்ஸ்அப்பில் வந்த உறுதிமொழிகளையும், தேதி தெரியும்படி எடுத்த புகைப்படங்களையும் அழித்துவிடாமல் வைத்திருங்கள். சிகிச்சை அளித்தவரின் மருத்துவப் பதிவு எண்ணை எழுத்தில் கேளுங்கள். எங்களுக்கு அந்த மையம் அதை இன்றுவரை தரவில்லை.