குடியை நிறுத்த நினைப்பவர்களுக்கு: ஏ.ஏ. கூட்டம் எப்படி இருக்கிறது?

சென்னையில் அண்ணனோடு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ., குடியை விட நினைப்பவர்கள் ஒன்றுகூடி ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும் அமைப்பு) கூட்டங்களுக்குப் போய்வருகிறேன், அதாவது குடும்பத்தாரும் உட்காரக்கூடிய திறந்த கூட்டங்களுக்கு மட்டும். மூடிய கூட்டம் என்றால் குடிநோயாளிகளுக்கு மட்டும்தான், அதனால் போகும்முன் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சர்ச் ஹால், பள்ளி வகுப்பறை மாதிரி இடங்கள். இணையத்தில் கிடைத்த ஒரு பழைய முகவரியை நம்பிப் போய் பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்பினோம். ஏ.ஏ. உதவி எண்ணுக்குப் போன் போட்டு இடம், நேரம், தமிழா ஆங்கிலமா என்று கேட்பதே நல்லது.

கட்டணம் கிடையாது. குடியை விட வேண்டும் என்ற விருப்பம் இருந்தால் போதும். கடைசியில் ஒரு பை சுற்றி வரும், உறுப்பினர்கள் முடிந்ததைப் போடுவார்கள், வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை.

ஒரு கூட்டத்தில் காக்கிச் சட்டையில் ஒருவர் எழுந்து பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பித்தார். அவர் சொன்னதை இங்கே எழுத மாட்டேன், அங்கே கேட்டது அங்கேயே இருக்க வேண்டும். ஆனால் அவர் தடுமாறி நின்றபோது ஒருத்தர்கூடக் குறுக்கே பேசவில்லை, புத்தி சொல்லவில்லை, பக்கத்திலிருந்தவர் தண்ணீர் பாட்டிலை மட்டும் நகர்த்தி வைத்தார். வீட்டில் நாங்கள் யாருமே அண்ணன் பேசுவதை அப்படிக் காதுகொடுத்துக் கேட்டதில்லை.

ஒரு விஷயம், தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். முதலில் டாக்டரைப் பாருங்கள், கூட்டம் சிகிச்சைக்கு மாற்று இல்லை. அப்புறம், குடிப்பவரின் குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனி அமைப்பே இருக்கிறது. அண்ணிக்கு அதுதான் சரியாக இருக்கிறது. முதல் குழு ஒத்துவராவிட்டால் வேறு பகுதியில் இன்னொன்றைப் பாருங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி.