அப்பாவின் கணக்கு மேசைக்கு ஒரு மலிவு மடிக்கணினி: இரண்டு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

அப்பா கோலாலம்பூர் செந்தூலில் வீட்டிலிருந்தபடியே இரண்டு மளிகைக் கடைகளுக்கும் ஒரு லாரி கம்பெனிக்கும் கணக்கு எழுதுகிறார். எக்செல், வங்கித் தளம், வாட்ஸ்அப்பில் வந்து குவியும் ரசீதுகள், அவ்வளவுதான் வேலை. பழைய மேசைக்கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்காது. விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14-இல் முடியும் என்று அப்போதே அறிவித்திருந்தார்கள். அதனால் 2023 கடைசியில் 2,000 வெள்ளிக்குள் (ரிங்கிட்) ஒன்று தேடி, கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவுக்குப் போனோம்.

வாங்கிய மாடலின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. ஒரே பெயரில் விற்கும் மடிக்கணினிகளில் திரையும் ரேமும் (தற்காலிக நினைவகம்) ஆளுக்கொரு விதமாக இருக்கின்றன. பெயரை நம்பிப் போனால் வேறு ஏதாவது கைக்கு வரும்.

அங்கே எல்லாரும் முதலில் பேசுவது பிராசசரைப் பற்றித்தான். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ பிராசசர்கள் உள்ளவை இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி. உண்மையில் மூன்றாவது இலக்கத்தைத்தான் பார்க்க வேண்டும்; உள்ளே இருப்பது எந்தத் தலைமுறைக் கட்டமைப்பு என்று அதுதான் சொல்லும். 7520யூ-வில் இருப்பது 2019-இல் வந்த ஜென் 2 கட்டமைப்பு. அது எல்பிடிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும் என்பதால் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், பிறகு கூட்ட வழியில்லை. 7530யூ ஜென் 3; அதில் சாதாரண டிடிஆர்4 ரேம் போடலாம். ஆனால் அதிலும் ரேமைப் பற்றவைத்தே விற்கும் மாடல்கள் உண்டு. ஆகவே கடைக்காரரிடம் வேகத்தைக் கேட்காமல், “காலி ரேம் ஸ்லாட் இருக்கிறதா?” என்று கேட்டேன். அவருக்கு அந்தக் கேள்வி அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

இந்த இரண்டு ஆண்டில் உருப்படியாகப் பலன் தந்தது அந்த ஸ்லாட்தான். வாங்கும்போது 8 ஜிபி. அதில் ஒரு பகுதியைக் கிராபிக்ஸ் எடுத்துக்கொள்ளும். முதலில் சமாளித்தது. வரித்துறையின் இ-இன்வாய்ஸ் (மின் விலைப்பட்டியல்) முறை லாரி கம்பெனியையும் எட்டியபின், அதற்கான மைஇன்வாய்ஸ் தளம், வங்கித் தளம், பெரிய எக்செல் கோப்பு எல்லாம் ஒன்றாகத் திறந்திருக்க, திணறத் தொடங்கியது. இன்னொரு 8 ஜிபி போட்டதும் சரியாகிவிட்டது. உத்தரவாதக் காலத்தில் மூடியைத் திறக்கலாமா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்டிக்கர் கிழிந்தால் தகராறு செய்யும் கடைகள் உண்டு.

அடுத்தது எண் விசைகள். நான் எடை குறைந்த 14 அங்குலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே போகப்போகிறார்? வலப்பக்கம் தனி எண் விசைகளுள்ள 15.6 அங்குலமே அவருக்குத் தோது. கால்குலேட்டரில் பழகிய விரல், திரையைப் பார்த்தபடியே ஓடுகிறது.

திரையை மட்டும் கடையின் வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டிஎன் வகை மலிவுத் திரைகள் நேராகப் பார்த்தால் பரவாயில்லை, சற்றுச் சாய்ந்தால் வெளிறிவிடும். சாய்ந்து பார்த்தாலும் வெளிறாத ஐபிஎஸ் வகை என்று உறுதிப்படுத்திக்கொண்டுதான் வாங்கினோம். அப்படியும் முதல் வாரமே அப்பா, “தம்பி, எட்டும் மூணும் ஒண்ணாத் தெரியுதுப்பா” என்றார். எழுத்தளவை 150 சதவீதத்துக்கு ஏற்றினேன். எழுத்து தெளிந்தது, ஆனால் எக்செலில் பாதி நெடுவரிசை வெளியே போய்விட்டது. கடைசியில் 24 அங்குல மானிட்டர் ஒன்றைச் சேர்த்தோம். பட்ஜெட் போடும்போதே அதையும் சேர்த்துப் போடுவது நல்லது. கண்ணாடி போட்ட அறுபது வயதுக்காரருக்கு மடிக்கணினித் திரை மட்டும் போதாது.

பிற்பகல் இடி மின்னலுக்குக் கோலாலம்பூர் பெயர்போனது. இடி கேட்டதும் எல்லாப் பிளக்கையும் பிடுங்குவது எங்கள் வீட்டுச் சட்டம். மேசைக்கணினி காலத்தில் அத்துடன் வேலை நின்றுவிடும். இப்போது பேட்டரியில் ஓடுகிறது, இணையத்துக்குக் கைப்பேசி ஹாட்ஸ்பாட். மற்ற நேரம் முழுக்க மின்சாரத்திலேயே இருப்பதால் சார்ஜ் 80 சதவீதத்தைத் தாண்டாதபடி வைத்திருக்கிறேன். பேட்டரி இன்னும் தளரவில்லை.

கோவில் கமிட்டி அறிவிப்புகளையும் அவர்தான் தட்டச்சு செய்கிறார். நம் முத்து நெடுமாறனின் தமிழ்த் தட்டச்சு மென்பொருளான முரசு அஞ்சலில் பழகிய கை. விண்டோசிலேயே ‘தமிழ் அஞ்சல்’ விசைமுறை இருக்கிறது என்று காட்டியதும் பெட்டியை மெச்சினார். பிராசசரைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை.

குறை? ஒலிபெருக்கி தகர டப்பா. கேமராவும் மங்கல்தான்; பேரப்பிள்ளைகளிடம் கைப்பேசியிலேயே பேசிவிடுகிறார். மைக்ரோசாப்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவில் இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபிதான், ஸ்கேன் செய்த ரசீதுகளுக்கே அது போதவில்லை. அதனால் வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுக்கிறோம். அதை மட்டும் அப்பா தொடுவதில்லை. வார இறுதியில் நான் போனால்தான் நடக்கும்.