நெட்லோகோ கிராஃப் வசதி: பாலாற்று நிலத்தடி நீர் பற்றிய கணினி மாதிரியில் வைத்து ஒரு மதிப்பீடு

யூரி வைலென்ஸ்கி 1999இல் உருவாக்கிய நெட்லோகோ என்ற உருவகப்படுத்தல் மென்பொருளை இப்போது நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் வளர்த்து வருகிறது. முழுக்க இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஜாவாவைத் தனியாக நிறுவத் தேவையில்லை, ஒருமுறை நிறுவிவிட்டால் இணையமும் தேவையில்லை. இணையம் விட்டுவிட்டு வரும் கல்லூரி ஆய்வகங்களுக்கு இந்த ஒரு காரணமே போதும். இங்கே மதிப்பிடுவது அதன் கிராஃப் பகுதியை மட்டும், அதுவும் 6ஆம் பதிப்பில் உள்ளபடி.

கிராஃப் வசதி என்று பார்த்தால் பள்ளி, கல்லூரிக்குக் கிடைக்கும் இலவச உருவகப்படுத்தல் மென்பொருள்களில் இதுதான் மேல். ஃபெட் என்ற அறிவியல் உருவகத் தளத்தில் பல உருவகங்கள் தமிழிலேயே கிடைக்கின்றன, பார்க்கவும் அழகாக இருக்கின்றன. ஆனால் எதை அளக்க வேண்டும் என்பதை அதைச் செய்தவர்களே முடிவு செய்துவிட்டார்கள். நெட்லோகோவில் அந்த முடிவு மாணவர் கையில். அதனாலேயே ஆபத்தும் உண்டு. அமைப்புகளைத் தொடாமல் அப்படியே விட்டால், எதைக் காட்ட மாதிரியைச் செய்தோமோ அதையே கிராஃப் மறைத்துவிடும்.

நம் ஊருக்குப் பொருத்தமான ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். ராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரை தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றுப் படுகையில் இறங்கிய கதை தெரிந்ததுதான். 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கும் அதைப் பற்றியதுதான். திரையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் டிடிஎஸ் (நீரில் கரைந்துள்ள திடப்பொருள்களின் மொத்த அளவு) என்று ஒரு மாறி. கழிவு இறங்கும் கட்டத்தில் ஒவ்வொரு டிக்குக்கும் (மாதிரியின் ஒரு காலப் படி) 5,000 என்று வைக்கிறோம். டிஃப்யூஸ் கட்டளை 0.2 என்றால் ஒவ்வொரு கட்டமும் தன்னிடம் உள்ளதில் 20 சதவீதத்தைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும். மாதிரி இவ்வளவுதான். மற்றதெல்லாம் கிராஃபில்.

இன்டர்ஃபேஸ் பக்கத்தில் வலது க்ளிக் செய்து ப்ளாட் என்பதைத் தேர்ந்தால் அமைப்புப் பெட்டி திறக்கும். பெயர், இரு அச்சுகளின் தலைப்பு, குறைந்தபட்ச, அதிகபட்ச எண்கள், ஆட்டோ ஸ்கேல், கீழே கிராஃபில் வரையும் பேனாக்கள். ஒவ்வொரு பேனாவின் ஓரத்திலும் உள்ள பென்சில் குறியை அழுத்தினால் கோடு, பட்டை, புள்ளி என்ற மூன்று முறைகளும் இன்டர்வல் (எக்ஸ் அச்சில் ஒரு படியின் அகலம்) என்ற எண்ணும் வரும். பலர் இந்தப் பென்சிலைத் திறப்பதே இல்லை. பாதிச் சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

முதலில் சராசரி டிடிஎஸ்ஸுக்கு ஒரு பேனா. கூடவே இரண்டு எல்லைக் கோடுகள். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500 சொல்வது: லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் இல்லாத இடத்தில் 2,000 வரை. ஒரு பேனாவின் அப்டேட் கட்டளையில் 'ப்ளாட் 500', இன்னொன்றில் 'ப்ளாட் 2000' என்று எழுதினால் போதும், கிடைக்கோடுகள் வந்துவிடும். எல்லைக் கோடு இல்லாத மாசு கிராஃபைப் பார்த்து, ஏறுகிறது என்பதைத் தாண்டி மாணவரால் எதுவும் சொல்ல முடியாது.

மதிப்புக்கேற்ப அச்சைத் தானாக நீட்டும் ஆட்டோ ஸ்கேல் முன்கூட்டியே இயக்கத்தில் இருக்கும். முதல் ஓட்டத்துக்கு நல்லது. ஆனால் அது அச்சை நீட்டுமே தவிரக் குறைக்காது. எல்லைக் கோடுகள் இல்லாத கிராஃபில், பக்கத்துக் கணினிகளில் ஒன்று 0 முதல் 800 வரையும் மற்றது 0 முதல் 3,000 வரையும் நீண்டிருந்தால், இரண்டு கோடுகளும் ஒரே உயரத்தில்தான் தெரியும். ஒப்பிட்டுப் பார்க்கும் வகுப்பில் ஆட்டோ ஸ்கேலை நிறுத்திவிட்டு, ஒய் அச்சின் அதிகபட்சத்தை எல்லோருக்கும் ஒரே எண்ணாக வையுங்கள். மாதிரியில் தற்செயல் எண்கள் இருந்தால் மாதிரியைத் தயார்செய்யும் செட்டப் பகுதியில் ரேண்டம்-சீட் கட்டளையையும் ஒரே எண்ணோடு கொடுங்கள், அப்போதுதான் எல்லோருக்கும் ஒரே தற்செயல் எண்கள் வரும்.

அடுத்தது ஹிஸ்டோகிராம். இந்த மென்பொருளிலேயே மிகவும் பயனுள்ளது இதுதான், மிகவும் ஏமாற்றுவதும் இதுதான். எத்தனை கட்டங்களில் எவ்வளவு டிடிஎஸ் என்று பட்டைகளாகக் காட்டும். மூன்று இடங்களில் தவறும். ஒன்று, பேனா கோடு முறையிலேயே இருந்தால் பட்டை வராது, ஒரு கோடுதான் வரும். பென்சிலைத் திறந்து பட்டை முறைக்கு மாற்ற வேண்டும். இரண்டு, இன்டர்வல் 1 என்றே இருந்தால் பட்டைகள் மயிரிழையாகிவிடும். 0 முதல் 2,000 வரைக்கு 100 என்று வைத்தால் 20 பட்டைகள் கிடைக்கும். மூன்றாவதுதான் பெரிது. ஹிஸ்டோகிராமில் ஆட்டோ ஸ்கேல் எக்ஸ் அச்சை நீட்டாது. அச்சுக்கு வெளியே உள்ள மதிப்புகளைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். அதிகபட்ச எண்ணுக்குச் சரியாகச் சமமான மதிப்பையும் சேர்க்காது. ஆக, அச்சு 2,000இல் நின்றால் மிக மோசமாகக் கெட்டுப்போன கட்டங்கள்தான் கணக்கிலிருந்து காணாமல் போகும்! பிழைச் செய்தியும் வராது. கழிவுக் கட்டமே 5,000 என்பதால் அச்சை 5,100 வரை வையுங்கள். பட்டைகளின் உயரங்களைக் கூட்டினால் மொத்தக் கட்ட எண்ணிக்கை வருகிறதா என்று ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள்.

கட்டளை வரிசையிலும் கவனம் வேண்டும். செட்டப்பில் பழையதை அழிக்கும் கிளியர்-ஆல் முதல் வரி, டிக் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கும் ரீசெட்-டிக்ஸ் கடைசி வரி. ரீசெட்-டிக்ஸ் அந்த நொடியே முதல் புள்ளியைப் போட்டுவிடும். கட்டங்களுக்கு மதிப்பு கொடுக்கும் முன்பே அது வந்தால் கோடு பூஜ்யத்திலிருந்து செங்குத்தாகத் துள்ளும். மாணவர் அதைத் திடீர் மாசு என்று எழுதிவைப்பார்.

ப்ளாட் கட்டளைக்கு நேரம் தெரியாது. அழைக்கும்போதெல்லாம் இன்டர்வல் அளவுக்கு வலது பக்கம் நகரும், அவ்வளவுதான். பேனாவுக்குள் ஒருமுறை, நிரலுக்குள் ஒருமுறை என இரண்டு இடத்தில் எழுதிவிட்டால் 100 டிக் ஓடியதும் அச்சு 200 காட்டும். இயற்பியல் மாதிரிகளில் டிக்-அட்வான்ஸ் 0.1 என்று நேரத்தைச் சிறிது சிறிதாக நகர்த்தும்போது இது இன்னும் மோசம். டிக்-அட்வான்ஸ் கிராஃபைப் புதுப்பிக்காது, அப்டேட்-ப்ளாட்ஸ் என்று தனியாக எழுத வேண்டும். அங்கெல்லாம் ப்ளாட்டை விட்டு ப்ளாட்-எக்ஸ்-ஒய் கட்டளையில் டிக்ஸை எக்ஸாகக் கொடுப்பதே சரி.

விலங்கியல் ஆசிரியர்களுக்கு, மென்பொருளோடு வரும் மாதிரி நூலகத்தில் உள்ள ஓநாய்-ஆடு மாதிரியின் கிராஃபே நல்ல பாடம். அதில் புல்லின் பேனா புல் எண்ணிக்கையை நான்கால் வகுத்துக் காட்டும். வகுக்காவிட்டால் புல்லின் உயரத்துக்கு அச்சு நீண்டு, ஆடும் ஓநாயும் அடியில் தட்டையாகக் கிடக்கும். எந்தக் கோடு எது என்று சொல்லும் லெஜெண்டிலும் நான்கால் வகுத்தது என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், அந்த நேர்மை பாராட்டத்தக்கது. ஜவ்வாது மலைப் புள்ளிமானும் சிறுத்தையும் என்று மாற்றி எழுதும்போது இந்தப் பழக்கத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். ஓநாய்களின் சராசரி ஆற்றலுக்குப் பேனா சேர்த்தால், கடைசி ஓநாய் செத்ததும் பிழை வந்து நிற்கும். வெற்றுப் பட்டியலுக்குச் சராசரி கிடையாது. ஓநாய் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று பார்க்கும் எனி என்ற சோதனைக்குள் அந்த வரியை வைத்தால் தீரும்.

குறைகள்: இன்டர்ஃபேஸ் தமிழில் இல்லை. எல்லாப் புள்ளிகளையும் நினைவில் வைத்திருப்பதால் நீண்ட ஓட்டத்தில் பழைய கணினிகள் திணறும்; பத்து டிக்குக்கு ஒருமுறை மட்டும் ப்ளாட்-எக்ஸ்-ஒய் போட்டால் தாங்கும். கிராஃபின் மேல் மவுஸை வைத்தால் எண்கள் தெரியும், ஆனால் அவை மவுஸ் நிற்கும் இடத்தின் எண்கள், கோட்டின் மதிப்பு அல்ல. ரெக்கார்ட் நோட்டில் அவற்றை எழுத விடாதீர்கள். கிராஃபில் வலது க்ளிக் செய்து எக்ஸ்போர்ட் கொடுத்தால் சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பு கிடைக்கும். மேலே அமைப்பு விவரங்களும் பேனாப் பட்டியலும் இருக்கும், புள்ளிகள் அதற்குக் கீழேதான் தொடங்கும். லிப்ரே ஆஃபீஸ் கால்க்கில் திறந்து அந்த மேல் வரிகளையும், நிறம், பேனா நிலை ஆகிய நெடுவரிசைகளையும் நீக்கிவிட்டு எக்ஸ், ஒய் இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.