கல்லடியில் ஒரு சனிக்கிழமை வகுப்பு: கற்பித்தல் நன்று, டியூட் (அச்சிட்ட பாடக்குறிப்பு) பழையது

வெளிவாரிப் பட்டப்படிப்பின் ஒப்பீட்டு அரசாங்கப் பாடத்துக்காகக் கல்லடியில் நடைபெறும் தனியார் வகுப்பொன்றில் அண்மையில் சேர்ந்தேன். முதல் நாள் மூன்று மணித்தியாலமும் ஒரே விடயம்: தாம் நியமித்த நிறைவேற்றுத்துறை அலுவலரைப் பதவி நீக்க ஐக்கிய அமெரிக்க ஜனாதிபதிக்கு உள்ள அதிகாரம்.

உயர் அலுவலரை நியமிக்கச் செனட் சபையின் இணக்கம் வேண்டும் என்று கூறும் அரசியலமைப்பு, குற்றப்பிரேரணை தவிர்ந்த வேறு வழியில் அவரை நீக்குவது யார் என்பதைக் கூறாமலே விட்டுவிட்டது. இந்த இடைவெளியை விரிவுரையாளர் நீக்கப்பட்டவர்களுக்குரிய சம்பளத்தைக் கோரித் தொடரப்பட்ட இரண்டு வழக்குகளின் மூலம் விளக்கிய விதத்துக்கே கட்டணம் தகும். போர்ட்லண்ட் தபால் அதிபர் மயர்சை ஜனாதிபதி வில்சன் 1920 இல் செனட்டைக் கேளாமலே நீக்கினார். அது செல்லும் என்று 1926 இல் உயர் நீதிமன்றம் கூறியது. தீர்ப்பை எழுதிய பிரதம நீதியரசர் டாஃப்ட் தாமே முன்னாள் ஜனாதிபதி என்பதைக் கேட்டு வகுப்பே சிரித்தது. 1933 இல் சுயாதீன ஒழுங்குபடுத்தல் அமைப்பான கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழுவின் உறுப்பினர் ஹம்ப்ரியை ரூஸ்வெல்ட் நீக்கியபோதோ, சட்டம் குறிப்பிடும் காரணமின்றி அத்தகைய ஆணைக்குழு உறுப்பினரை நீக்க முடியாது என்று 1935 இல் அதே நீதிமன்றம் ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. இரு தீர்ப்புகளும் வந்தபோது சம்பளத்துக்கு உரியவர்கள் உயிரோடு இல்லை.

பின்வரிசை மாணவி ஒருவர், “அப்ப எங்கட மாகாண ஆளுநர், சேர்?” என்று கேட்டார். ஆளுநர் ஜனாதிபதி விரும்பும் காலம் வரையே பதவி வகிப்பார் என்றும், சட்டமா அதிபரையும் பொலிஸ் மா அதிபரையும் நீக்க இலங்கையின் 2002 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் பாராளுமன்றத் தீர்மானத்தைக் கோருகிறது என்றும் விரிவுரையாளர் உடனே பலகையில் எழுதிக் காட்டினார். அன்றைய வகுப்பில் எனக்கு மிகவும் பயன்பட்டது அந்தப் பத்து நிமிடம்தான்.

டியூட்டைப் பற்றி அவ்வாறு சொல்ல இயலாது. நிழற்பிரதியின் ஓரத்தில் எழுத்துகள் வெட்டுப்பட்டிருப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம்; ஆனால் பாடம் 1935 உடன் நின்றுவிடுகிறது. நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகத்தின் தனியொரு பணிப்பாளருக்குக் காரணமின்றி நீக்கப்படாத பாதுகாப்பு செல்லாது என்ற 2020 ஆம் ஆண்டுத் தீர்ப்பும், அதே வர்த்தக ஆணைக்குழுவின் உறுப்பினர் இருவரை 2025 மார்ச்சில் ட்ரம்ப் நீக்கியதும் அதில் இல்லை. கேட்டபோது அடுத்த அச்சில் சேர்ப்பதாகச் சொன்னார்கள். மூன்றாவது சனிக்கிழமை புதிதாகச் சேர்ந்தவரின் கையிலும் அதே ஓரம் வெட்டுப்பட்ட பிரதிதான் இருந்தது.