பழைய ஃபைபர் படகை விற்பதற்கு முன் பட்டறையில் விடுபவர்கள் படிக்கவும்: 42,000 ரூபாய் போன கதை

முந்தாநாள் படகு பட்டறையிலிருந்து வந்தது. நேற்று வாங்க வந்தவர் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு வண்டியேறிப் போய்விட்டார். 42,000 ரூபாய் போச்சு. பட்டறைப் பெயரை எழுதவில்லை. ராணிப்பேட்டைப் பக்கம், கம்பெனிகளுக்கு ஃபைபர் தொட்டி செய்து கொடுக்கும் இடம் என்பதோடு விடுகிறேன்.

படகு 18 அடி, 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின். காவேரிப்பாக்கம் ஏரியில் ஓடியது. கரைக் கல்லில் இழுத்து இழுத்து அடியில் இரண்டடி நீளத்துக்கு விரிசல் விட்டிருந்தது. விரிசலை அடைத்து, எஞ்சினை சர்வீஸ் பண்ணிக் காட்டினால் 1,35,000 தருவதாகப் பழவேற்காட்டுக்காரர் ஒருவர் போனில் சொல்லியிருந்தார்.

ஏமாந்தது எந்த இடத்தில் என்று சொல்லிவிடுகிறேன். பட்டறைக்காரர் விரிசலைச் சுற்றித் தட்டிப் பார்த்து, "உள்ள தண்ணி ஏறியிருக்கு சார். நிழல்ல பத்து நாள் காய வெச்சாதான் ரெசின் பிடிக்கும், அவசரப்பட்டா நிக்காது" என்றார். ரெசின் என்பது ஃபைபரை ஒட்டி இறுகும் பிசின். தொழில் தெரிந்தவன் வாயில் வரும் பேச்சு அது. வேறு இரண்டு இடத்தில் "நாளைக்கே முடிச்சிடலாம்" என்றிருந்தார்கள். அதனால்தான் 25,000 அட்வான்ஸ் அப்போதே ஜீபேயில் போனது. பில் கேட்டால், "பில் போட்டா 18 சதவீதம் ஜாஸ்தி ஆவும், நமக்குள்ள எதுக்கு சார்?" பத்து நாள் காய வேண்டிய படகு நாலாவது நாளே ரெடி என்று போன் வந்தது. வெள்ளை வெளேரென்று மின்னியது. மீதி 17,000 கைமாறியது.

அந்த வேலை எப்படி நடந்திருக்க வேண்டும்? விரிசலை ஓரம் வரை அரைத்துத் திறக்க வேண்டும். அடித்தகடு 5 மில்லிமீட்டர் கனம் என்றால் இரண்டு பக்கமும் சுமார் 6 சென்டிமீட்டர் வரை சரிவாகத் தேய்த்து இறக்க வேண்டும், கனத்தைப் போல் பன்னிரண்டு மடங்கு. சரிவு இல்லாவிட்டால், புதிதாக ஒட்டும் மேட் என்கிற கண்ணாடி இழை விரிப்புக்குப் பிடிமானமே கிடையாது. பிறகு காய வைப்பது. பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் வெயிலில் விட்டால், உள்ளே ஈரம் இருந்தால் தாளின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் கோர்க்கும். அப்படிக் கோர்ப்பது நிற்கும் வரை ரெசின் டப்பாவையே திறக்கக் கூடாது. காய்ந்ததும் அசிட்டோனால் துடைத்து, சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட்டை ரெசினில் நனைத்து ஒவ்வொன்றாக, ஒன்றைவிட அடுத்தது பெரிதாக. ஒரு அடுக்கு சுமார் 1 மில்லிமீட்டர்தான் வரும், ஆக ஐந்து அடுக்கு. ரெசினை இறுக வைக்கும் ஹார்டனர் ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம். வேலூர் வெயிலில் இரண்டு போட்டால் ரோலர் ஓட்டுவதற்குள் கெட்டியாகிக் காற்றுக்குமிழ் உள்ளே மாட்டிக்கொள்ளும். ஒன்றுக்குக் கீழே போனால் முழுசாக இறுகவே இறுகாது. மேலே பளபளப்பாக வரும் ஜெல்கோட் பூச்சு கடைசியில்தான்.

இவர்கள் செய்தது? வாங்க வந்தவர் முதலில் பஞ்சில் அசிட்டோன் தொட்டுத் தேய்த்தார். வெள்ளை அப்படியே பஞ்சில் வந்துவிட்டது. இறுகிய ஜெல்கோட் ஒரு துடைப்புக்கு வராது, அது பெயிண்ட். பிறகு நாணயத்தால் தட்டினார். மற்ற இடமெல்லாம் கணீரென்றது, விரிசல் இருந்த இடம் மொத்தென்றது. கத்தி முனையால் நெம்பினார், பொலபொலவென்று பட்டி கொட்டியது. கார் டெண்ட் எடுக்கப் போடும் பட்டி! தண்ணீரைக் குடித்து உப்பிப் பிளந்துவிடும் சாமான். ஆள் ஏறிப் போகிற படகின் அடியில், ஒரு அடுக்கு மேட் கூட இல்லாமல், வெறும் பட்டி. இதற்கு 34,000.

எஞ்சினுக்கு 8,000. கியர் ஆயில், வாட்டர் பம்ப் இம்பெல்லர், பிளக் எல்லாம் புதுசு என்றார்கள். வந்தவர் கியர் பெட்டியின் கீழ்த் திருகைக் கொஞ்சம் தளர்த்தினார். பால் கலந்த காபி மாதிரி வழிந்தது. சீல் வழியாகத் தண்ணீர் இறங்கிய ஆயில். அதை மாற்றவுமில்லை, சீலைத் தொடவுமில்லை. இதைவிடக் கொடுமை, ஜிங்க் கட்டி மேலேயே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். பழவேற்காட்டு உப்புத்தண்ணீரில் மற்ற அலுமினியத்துக்குப் பதிலாகத் தான் அரிபட வேண்டிய கட்டி அது. பெயிண்ட் மூடினால் இருந்தும் இல்லாததுதான்.

நேற்று சாயங்காலம் போன் போட்டால், "தண்ணில எறக்கிட்டீங்களா சார்? எறக்கினா கேரண்டி கெடையாது." இறக்கவே இல்லை என்றதும், "மாஸ்டர் ஊருக்குப் போயிருக்காரு." மாஸ்டர் நம்பர் கேட்டால், "அவர்கிட்ட போன் இல்ல." இரவு போட்டோ அனுப்பியாயிற்று, பார்த்ததற்கு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. இன்று காலை யாரோ பையன் எடுத்து, "ஓனர் மீட்டிங்ல இருக்காரு, பொங்கலுக்கு அப்புறம் வாங்க" என்கிறான். 42,000 வாங்கியவன் அந்தப் பையன் இல்லை, அவனிடம் கத்தி என்ன பிரயோஜனம்.

விற்கத் தயார் செய்வது எப்படி என்று ஒழுங்காக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். தொட்டி செய்கிற பட்டறையில் படகு வேலை செய்த அனுபவம் உண்டா என்று கேட்டு, பழைய வேலையை நேரில் பாருங்கள். பெயிண்டுக்கு முன்னால், மேட் போடும்போதே ஒரு தடவை போய் நில்லுங்கள். பில் இல்லாமல் அட்வான்ஸ் வேண்டாம். பழைய இம்பெல்லரையும் பிளக்கையும் கையில் வாங்குங்கள். அசிட்டோன் பஞ்சு, நாணயம், கியர் ஆயில் திருகு மூன்றையும் பட்டறையிலேயே பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

பில் இல்லாவிட்டாலும் ஜீபே ரசீது இருக்கிறது. நாளை காலை நுகர்வோர் உதவி எண் 1915-க்குத்தான் முதல் போன்.