கேரவன் இழுக்க ‘இ’ வேணுமாம்! 780 வெள்ளி போச்சு

பினாங்கு, பிறை பக்கம் இருப்பவர்கள் கவனிக்கவும். வெளிநாட்டில் காடி ஓட்ட "இன்டர்நேஷனல் லைசன்ஸ்" எடுத்துத் தருகிறேன் என்று ஓர் ஏஜென்ட் கடை போட்டு உட்கார்ந்திருக்கிறார். பெயரைப் போட்டால் வழக்குப் போடுவாராம். அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

போன டிசம்பரில் குடும்பத்தோடு நியூசிலாந்து போனோம். கொழுந்தியா கிறைஸ்ட்சர்ச்சில் இருக்கிறாள். காடிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போவார்களே, அந்தக் கேரவனில் படுத்துத் தூங்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கு ஆசை. வாடகைக்கு விடும் இடத்தில் இன்டர்நேஷனல் பெர்மிட் கேட்டிருந்தார்கள். ஏஜென்டிடம் போனேன். என் லைசன்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணே, உங்ககிட்ட காடி ஓட்டுற டி வகுப்பு தான் இருக்கு. ட்ரெய்லர் இழுக்க இ வேணும். இங்க இ எடுக்கணும்னா லாரி ஓட்டிக் காட்டணும், மாசக்கணக்கா ஆகும். நான் இன்டர்நேஷனல்லயே இ போட்டுத் தர்றேன். ஜே.பி.ஜே.ல (சாலைப் போக்குவரத்து இலாகா) ஒரு வருஷம்தான் குடுப்பான், நம்மளுது பத்து வருஷம்."

780 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). எனக்கு அது நியாயமாகவே பட்டது. அண்ணன் மகன் துறைமுகத்தில் ட்ரெய்லர் ஓட்டுகிறான், அவனிடம் இ தானே இருக்கிறது!

நான் ஏமாந்தது இந்த ஓர் எழுத்தில்தான். நம் லைசன்ஸில் இ என்றால் கனரக லாரி. இன்டர்நேஷனல் பெர்மிட்டில் வருகிற இ வேறு: 750 கிலோவுக்கு மேல் எடையுள்ள ட்ரெய்லரை மாட்டி ஓட்டுவதற்கான பிரிவு. அதற்குக் குறைவானதை அதே பெர்மிட்டின் பி பிரிவிலேயே, அதாவது சாதாரண காடிப் பிரிவிலேயே இழுக்கலாம். ஆள் இரண்டையும் ஒன்றாக்கிக் காசு பார்த்துவிட்டார். நம் லைசன்ஸில் இல்லாத வகுப்பை பெர்மிட்டில் புதிதாக ஏற்றவும் முடியாது. அது கையில் இருக்கும் லைசன்ஸுக்கு மொழிபெயர்ப்பு மாதிரிதான். ‘லெசென் தெர்பாங்’, அதாவது டெஸ்ட் எழுதாமல் காசு கொடுத்து வாங்கும் லைசன்ஸ், கேள்விப்பட்டிருப்பீர்கள், இது அதன் தம்பி.

நியூசிலாந்தில் கேரவன் வாடகைக் கவுண்டரில் இருந்த பெண் என் பெர்மிட் புத்தகத்தைப் புரட்டினாள். பத்து வருஷம் என்று இருந்த பக்கத்தில் நின்றுவிட்டாள். நம் நாட்டு அசல் பெர்மிட் ஒரு வருஷத்தைத் தாண்டாதாம். "இதை ஏற்க முடியாது" என்று என் பக்கமே தள்ளினாள். அடுத்து அவள் சொன்னதுதான் வயிற்றெரிச்சல். அந்த ஊரில் காடியும் கேரவனும் சேர்ந்து 6,000 கிலோவுக்குள் இருந்தால் சாதாரண காடி லைசன்ஸே போதும். இழுத்துக்கொண்டு போகும்போது 90 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். இல்லாத ஒரு தேவைக்குப் போலிக் காகிதம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறேன்.

சகலை வேலைக்கு லீவு போட்டு, அவர் பெயரில் எடுத்து, நான்கு நாளும் அவரே ஓட்டினார். நான் பின்சீட்டில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு பிஸ்கட் பிரித்துக் கொடுத்துக்கொண்டு வந்தேன்.

திரும்பி வந்து பினாங்கு பத்து உபானில் இருக்கும் ஜே.பி.ஜே. அலுவலகத்தில் விசாரித்தேன். ஐ.சி. (அடையாள அட்டை), காலாவதியாகாத லைசன்ஸ், ஒரு போட்டோ, 150 வெள்ளி. முடிந்தது. ஏ.ஏ.எம். என்ற மலேசிய வாகனமோட்டிகள் சங்கத்திலும் எடுக்கலாம். ஐரோப்பா போகிறவர்களுக்குக் கணக்கு மாறும்: ட்ரெய்லர் 750 கிலோவைத் தாண்டினால், காடியோடு சேர்த்து 3,500 கிலோவுக்குள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஏஜென்ட் வாட்சாப்பில் என்னை பிளாக் செய்துவிட்டார். நேரில் போனால், "நீங்கதானேண்ணே இ கேட்டீங்க" என்கிறார். போலீஸ் ரிப்போர்ட் கொடுத்தாயிற்று. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி மனுவும் போட்டிருக்கிறேன். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே வக்கீல் இல்லாமலே பேசலாம். அந்தக் கடையில் வாங்கிய ரசீது யாரிடமாவது இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள்.