14 அங்குல வளையமும் என் மடியும்

குயில்ட், அதாவது நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை, தைப்பதற்கான இந்த மர வளையத்தை வாங்க நினைப்பவர்கள் முதலில் அதைப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். ஆழம் ஏறக்குறைய ஓர் அங்குலம். எம்ப்ராய்டரி வளையம் ஒற்றைத் துணியை நிறுத்தினால் போதும்; குயில்ட் வளையமோ மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என மூன்றையும் சேர்த்துப் பிடித்தாக வேண்டும். அந்த வேலையை இது ஒழுங்காகச் செய்கிறது. மரம் கனமானது, வட்டம் கோணவில்லை. வெளிவளையத்தின் இணைப்பில் மட்டும் ஒரு சொரசொரப்பு இருந்தது. உப்புத்தாளால் லேசாகத் தேய்த்ததும் போய்விட்டது. உள்வளையத்தில் பருத்தி நாடாவைச் சுற்றிக்கொண்டேன், வழுக்கல் இன்னும் குறைந்தது. திருகுதான் குறை. மெல்லிய பருத்திப் பஞ்சுக்குப் போதுமானது. உப்பலான பாலியஸ்டர் பஞ்சு வைத்தால் நட்டு சரியாக ஏறாமல் திருகின் முனையில் தொற்றிக்கொண்டு நிற்கிறது. இவ்வளவு நல்ல மரத்தைக் கொடுத்தவர்கள் அரை அங்குலத் திருகில் சிக்கனம் பிடித்திருக்க வேண்டாம்.

துணியை மத்தளம் போல விறைப்பாக மாட்டுவதுதான் சரி என்று பலரும் நினைக்கிறார்கள். அது எம்ப்ராய்டரியில் வந்த பழக்கம். குயில்ட் தையலுக்குத் துணி கொஞ்சம் வளைந்துகொடுக்க வேண்டும். மாட்டியபின் நடுவில் உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்துவேன். துணி லேசாகக் குழிந்த பிறகுதான் திருகை இறுக்குவேன். ஊசியைச் செங்குத்தாக நிறுத்தி, நடுவிரலில் மாட்டிய அங்குஸ்தானால் (தையல் விரலுறை) அழுத்தினால் முனை கீழ்க்கை விரலைத் தொடும். தொட்ட கணமே காதுப் பக்கத்தைச் சாய்க்க வேண்டும், கீழ்விரல் அடியிலிருந்து துணியை மேடாக்க வேண்டும். முனை மேலே எட்டிப்பார்க்கும். மறுபடி நிமிர்த்தல், மறுபடி சாய்த்தல். மூன்று நான்கு தையல்கள் ஊசியில் சேர்ந்தபின் நூலை இழுக்கலாம். இதற்கென்றே இருக்கும் குட்டை ஊசிகளில் எண் கூடக்கூட ஊசி சிறுக்கும். பழகாதவர்கள் 8 ஆம் எண்ணில் தொடங்கலாம். கீழ்விரல் நுனி சில நாள் எரியும், பிறகு காய்த்துவிடும்.

வளையமில்லாமல் மடியில் வைத்துத் தைக்கும்போது ஊசியை இப்படி நிமிர்த்திச் சாய்ப்பது சரியாக வராது. இரண்டு விரலுக்கிடையில் துணியைப் பிடித்து, ஊசியை அசைக்காமல் துணியை ஊசிமேல் ஏற்றுவதுதான் அங்கே வழி, சாதாரண ஓட்டுத் தையல் போலத்தான். எனக்கு நேர்கோடுகளுக்கு இது வேகமாக வருகிறது. ஆனால் நூலை இழுக்கும் கை சற்றே முந்திக்கொண்டால் அந்த வரிசை முழுவதும் சுருங்கிவிடும். நூலை இழுத்த ஒவ்வொரு முறையும் தைத்த இடத்தை விரலால் நீவிவிட வேண்டியிருக்கிறது. வளையத்தில் அந்தக் கவலை குறைவு. இறகு, கொடி போன்ற வளைவுகளில் வளையத்தில் தைத்ததையும் மடியில் தைத்ததையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் எனக்கே முகத்தில் அறைந்தாற்போலத் தெரிகிறது.

நான் இடக்கைக்காரி. தையல் இடமிருந்து வலமாகப் போகும், கோடு எதிர்த்திசைக்குத் திரும்பியதும் மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளும். சிறிய துணியென்றால் வளையத்தையே திருப்பிக்கொள்ளலாம். இரட்டைக் கட்டில் போர்வையில் திருப்புவது வளையத்தை மட்டுமா, அதோடு சேர்ந்து புரளும் அத்தனை துணியையும்தான். அந்த இடத்தில் மடிதான் எனக்கு வசதி.

அடுக்குகள் நழுவாததற்கு வளையத்தைப் பாராட்டுபவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. அந்தப் பெருமை தற்காலிகத் தையலுக்குச் சேர வேண்டியது. தரையில் விரித்து, அடித்துணியின் சுருக்கம் நீக்கி, சுமார் 4 அங்குல இடைவெளியில் நெடுக்கும் குறுக்கும் நீளத் தையல் போட்டுவிட்டால் மடியில் தைத்தாலும் எதுவும் நகராது. இதைச் சோம்பலில் விட்டவர்களுக்கு எந்த வளையமும் உதவாது. பின்பக்கத்தில் மடிப்பு விழுந்தே தீரும். நூலுக்குப் பதில் ஊக்கு குத்துபவர்கள் கவனிக்க வேண்டியது, வளையம் விழும் இடத்தில் இருக்கும் ஊக்குகளை ஒவ்வொரு முறையும் எடுத்தாக வேண்டும். அதனால் வளையம் என்றால் நூல், மடி என்றால் ஊக்கும் சரி.

எப்படித் தைத்தாலும் நடுவில் தொடங்கி வெளியே போவதுதான் முறை. ஓரத்துக்கு வரும்போது வளையம் பிடிக்கத் துணி இருக்காது. வேண்டாத துணியில் அகலமான பட்டை வெட்டி ஓரத்தில் தற்காலிகமாக இணைத்தால் பிடித்துக்கொள்ளும்; நான் பெரும்பாலும் சோம்பேறித்தனமாக ஓரங்களை மடியிலேயே முடிக்கிறேன். வேலையை நிறுத்தியதும் வளையத்தைக் கழற்றிவிடுங்கள், மறுநாள்வரை விட்டால் பதியும் வட்டத் தடம் எளிதில் போகாது.

உருளைகளில் சுற்றி வைக்கும் பெரிய தரைச் சட்டம் இதற்குப் பதிலாகுமா என்றால், தோளுக்கு இதம்தான். ஆனால் ஓர் அறையையே கேட்கும். பஞ்சும் துணியும் பெட்டியில் அடங்கினால் போதும் என்பவர்களுக்கு 14 அங்குல வளையம் பொருந்தும். 18 அங்குலத்துக்கு ஆசைப்படாதீர்கள், கைநீளம் குறைவானவர்களுக்கு நடுவில் கீழ்விரலை எட்டவைக்கவே முதுகு வளைய வேண்டியிருக்கும்.